அண்ணாச்சி, பழைய லெக்கே தாங்குமா?

கேள்வி: நானும் என் சித்தப்பா பையனும் சேர்ந்து கொச்சியில் ஒரு 24 அடி ஃபைபர் ஸ்பீட் போட் வாங்கி, பூவாறில் கட்டியிருக்கிறோம். உள்ளே மெர்க்ரூசர் 5 லிட்டர் வி8, 260 எச்.பி.; பின்னால் ஆல்ஃபா ஒன் டிரைவ் (என்ஜின் சுழற்சியைத் தண்ணீருக்குள் இருக்கிற ப்ரொப்பல்லருக்குக் கொண்டுபோகிற ஸ்டெர்ன் டிரைவ், எங்கள் பேச்சில் லெக்). என்ஜின் உப்புத் தண்ணீர் குடித்துச் செத்துவிட்டது. இப்போது 8.1 லிட்டர், 425 எச்.பி. என்ஜின் ஒன்று நல்ல நிலையில் வருகிறது. டிரைவ் கிடையாது, என்ஜின் மட்டும். இருக்கிற ஆல்ஃபாவிலேயே மாட்டலாம், மெல்ல ஓட்டினால் தாங்கும் என்கிறார் எங்கள் மெக்கானிக். தாங்குமா அண்ணாச்சி?
(வாசகர், களியக்காவிளை)

பதில்: தாங்காது தம்பி. ஆல்ஃபா ஒன் நல்ல சாமான், குறை சொல்லமாட்டேன். ஆனால் கம்பெனிக்காரனே அதை ஏறத்தாழ 300 எச்.பி. வரைக்கும்தான் கொடுக்கிறான். நீங்கள் 425 கேட்கிறீர்கள்.

அந்த "மெல்ல ஓட்டினால்" என்கிற பேச்சுக்கு வருகிறேன், ஏனென்றால் இதை நம்பித்தான் நிறைய பேர் காசை ஆற்றில் விடுகிறார்கள். டிரைவுக்குள் கியர் பல் உடைவது நீங்கள் வேகமாகப் போகும்போது இல்லை. எட்டு பேரை ஏற்றிக்கொண்டு, போட் மூக்கைத் தூக்கி நீர்மேல் ஏறுவதற்குத் திணறுகிற அந்த ஐந்தாறு நொடி இருக்கிறதே, அப்போதுதான் டிரைவின் கழுத்தில் முழுப் பாரமும் விழுகிறது. 8.1 போன்ற பெரிய என்ஜினுக்கு நிமிடத்துக்கு 3000 சுழற்சியிலேயே அசுர முறுக்கு விசை உண்டு, நீங்கள் ஆக்சிலரேட்டரைப் பாதி தள்ளினாலே போதும். ஆக, மெல்ல ஓட்டுகிறேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், உள்ளே கியருக்கு அது தெரியாது.

இன்னொன்று, பூவாறில் பொழி, அதாவது ஆறு கடலில் சேருகிற மணல் வாய், திறந்திருக்கிற நாளில் கடலுக்குள் போக யாருக்குத்தான் ஆசை வராது! நானே ஒருமுறை அப்படிப் போனவன். அலைமேல் ஏறி போட் காற்றில் தூக்கியது, நான் கையை எடுக்கவில்லை. தண்ணீரை விட்ட ப்ரொப்பல்லர் வெறியோடு சுற்றி, மறுபடி தண்ணீரைத் தொட்டதும் "டக்" என்று ஒரே சத்தம், அவ்வளவுதான். நெய்யாற்றுக்குள் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். மறுநாள் மேல்கியரின் ஆயிலை வடித்தபோது நாலு பல் முறிந்து, கழுவின புளியங்கொட்டை மாதிரி தட்டில் விழுந்தது. அந்த டிரைவும் கணக்குப்படி என்ஜினுக்குப் பொருந்தினதுதான். தப்பு என் கையில்.

உங்களுக்கு வேண்டியது அதே மெர்க்ரூசரின் பெரிய டிரைவான பிராவோ. அதிலும் மூன்று இருக்கிறது. பிராவோ ஒன் ஒற்றை ப்ரொப்பல்லர், வேகத்துக்கு. பிராவோ டூ பெரிய விட்டமுள்ள ப்ரொப்பல்லர் போடுகிற கனத்த படகுக்கு, உங்களுக்கு அது வேண்டாம். பிராவோ த்ரீயில் எதிரெதிராகச் சுற்றும் இரட்டை ப்ரொப்பல்லர், ஜெட்டியில் அணைக்கும்போது நூல் பிடித்த மாதிரி நேராக வரும், ஆட்கள் ஏற்றினால் சட்டென்று எழும்பும். கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஸ்டீல், நடுவே அலுமினிய உடம்பு, சுற்றி உப்புத் தண்ணீர். போட்டைத் தண்ணீரிலேயே கட்டிப்போடுகிறவனுக்கு அந்த அலுமினியம் சொறி பிடித்துப்போகும். உங்கள் போட் பூவாறிலேயே கிடக்கப்போவதால் நான் பிராவோ ஒன்தான் சொல்வேன். பிற்பாடு 500 எச்.பி.யைத் தாண்டுகிற எண்ணம் இருந்தால் மட்டும் எக்ஸ்ஆர் என்கிற பலப்படுத்தின வகையைப் பாருங்கள், 425க்கு அது தேவையில்லாத செலவு.

கியர் விகிதம் 1.50 எடுங்கள், அதாவது என்ஜின் ஒன்றரைச் சுற்று சுற்றினால் ப்ரொப்பல்லர் ஒரு சுற்று. பழைய 5.7 லிட்டர் போட்டிலிருந்து கழற்றின பிராவோ மலிவாகக் கிடைக்கும், அது பெரும்பாலும் 1.65 ஆக இருக்கும். வித்தியாசம் என்னவென்றால், 4800 சுழற்சியில் 21 இஞ்ச் பிட்ச் ப்ரொப்பல்லர் (ஒரு சுற்றுக்குக் கணக்குப்படி 21 இஞ்ச் முன்னேறுவது) 1.50இல் மணிக்கு 102 கிலோமீட்டர் போகவேண்டும், தண்ணீரில் வழுக்கலுக்கு ஒரு 15 சதவீதம் கழித்தால் 87. அதே ப்ரொப்பல்லரை 1.65இல் மாட்டினால் கணக்கே 93தான். பிட்சைக் கூட்டிச் சரிக்கட்டலாம், ஆனால் முதலிலேயே சரியானதை வாங்கினால் எதற்கு அந்த வேலை. (அந்த என்ஜினை முழு வேகத்தில் விட்டால் மணிக்கு 120 லிட்டருக்கு மேல் பெட்ரோல் குடிக்கும் என்பதையும் சித்தப்பா பையனிடம் சொல்லிவையுங்கள்.)

அப்புறம், லெக்கை மட்டும் வாங்கிவிடாதீர்கள். ஆல்ஃபா மாட்டியிருக்கிற பெல் ஹவுசிங் என்கிற கூட்டில் பிராவோ உட்காராது, பின்பலகையில் மாட்டுகிற அசெம்பிளியோடு சேர்த்து வாங்குங்கள். ஆல்ஃபாவுக்கு தண்ணீர் பம்ப் லெக்குக்குள்ளேயே இருக்கும், பிராவோவில் கிடையாது, என்ஜின் பக்கம்தான் இருக்கவேண்டும். விற்கிறவர் அந்தக் கடல்தண்ணீர் பம்பைக் கழற்றி வைத்துக்கொண்டு என்ஜினை மட்டும் தள்ளிவிடப் பார்ப்பார், கேட்டு வாங்குங்கள். பின்பலகையைச் சுத்தியல் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். "டங் டங்" என்று கேட்டால் சரி, எங்காவது நனைந்த சாக்கில் தட்டின மாதிரி கேட்டால் உள்ளே பலகை உளுத்திருக்கிறது. அந்தப் பலகையில் 425 எச்.பி. தொங்கவிட்டால் டிரைவைப் பற்றிக் கவலைப்படவே நேரம் இருக்காது. கடைசியாக, என்ஜினை இறக்கினதும், என்ஜினும் டிரைவும் நேர்கோட்டில் இருக்கிறதா என்று பார்க்கிற அலைன்மென்ட் கம்பி இரண்டு விரலால் தள்ளினால் உள்ளே வழுக்கிப் போகவேண்டும். அடித்து நுழைக்கிற மெக்கானிக்கை அங்கேயே நிறுத்துங்கள், அடுத்த மாதம் பேரிங்கும், தண்டின் மூட்டில் இருக்கிற கிராஸும் போய்விடும்.

கேள்வி: பெட்ரோல் கட்டுப்படி ஆகவில்லை. 400 எச்.பி. டீசல் போட்டால் 400 எச்.பி. பெட்ரோலுக்குப் போட்ட அதே டிரைவ் போதும்தானே?
(வாசகர், குளச்சல்)

பதில்: எச்.பி. ஒன்றுதான், முறுக்கு விசை ஒன்றல்ல. பெட்ரோல் அந்த 400ஐ 5000 சுழற்சியில் கொடுத்தால் முறுக்கு சுமார் 570 நியூட்டன் மீட்டர். டீசல் 3500இலேயே கொடுத்துவிடும், அப்போது 810 வருகிறது. டிரைவை உடைப்பது இந்த இரண்டாவது எண்தான். டீசலுக்கென்றே கொடுக்கிற டிரைவை என்ஜினோடு ஜோடியாக எடுங்கள். 1959இல் அக்வாமாட்டிக் என்ற பெயரில் ஸ்டெர்ன் டிரைவைச் சந்தைக்குக் கொண்டுவந்த வோல்வோ பென்டா டீசலையும் டிரைவையும் ஜோடியாகவே விற்கிறது, விலை கேட்டால் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள்.

கேள்வி: எங்கள் வள்ளத்துக்கும் ஸ்டெர்ன் டிரைவ் வைத்தால் என்ன?
(வாசகர், தூத்தூர்)

பதில்: வேண்டாம். கரையில் ஏற்றுகிற வள்ளத்துக்கு வெளியே மாட்டுகிற அவுட்போர்டு என்ஜின்தான். அதைக் கழற்றித் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம், டிரைவை என்ன செய்வீர்கள்? மணல் பட்டே, தண்ணீர் உள்ளே போகாமல் காக்கிற ரப்பர் உறையான பெல்லோஸ் கிழிந்துவிடும்.

கேள்வி: டிரைவ் கியர் ஆயில் மோர் மாதிரி வெள்ளையாக வருகிறது. மாற்றினால் போதுமா?
(வாசகர், நித்திரவிளை)

பதில்: போதாது, தண்ணீர் நுழைகிறது. ப்ரொப்பல்லரைக் கழற்றி ஷாஃப்டைப் பாருங்கள், பத்துக்கு எட்டு தடவை மீன்பிடி நரம்பு சுற்றி சீலை அறுத்திருக்கும். சீல் மாற்றிப் புது ஆயில் ஊற்றுங்கள், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறையோ வருடத்துக்கு ஒருமுறையோ, எது முந்துகிறதோ அப்போது மாற்றுங்கள். கையோடு அனோடையும் பாருங்கள், டிரைவுக்குப் பதிலாகத் தான் அரிபடுகிற உலோகக் கட்டி அது. ஆறும் கடலும் கலக்கிற இடத்துக்கு அலுமினிய அனோட் போடவேண்டும், மக்னீசியம் நல்ல தண்ணீருக்கு மட்டும். பாதி கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அதன்மேல் பெயின்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள், போன மாதம்கூட ஒருவர் அழகாக நீலக் கலர் அடித்துக் கொண்டுவந்தார்.