காத்திருக்கும் மணிக்கட்டு

அன்புள்ள சார்,

உங்கள் தளத்தை ஆறு வருடமாக வாசிக்கிறேன். கடிதம் எழுதுவது இதுவே முதல் தடவை. கேள்விக்கும் இலக்கியத்துக்கும் சம்பந்தமில்லை என்பதால் கொஞ்சம் தயக்கம். கைக்கடிகாரங்கள் பற்றி நீங்கள் முன்பு எழுதியதை வாசித்த தைரியத்தில் கேட்கிறேன்.

ஸ்டீல் ரோலெக்ஸ் டேடோனா வாட்ச்சுக்காகக் கடையில் பெயர் கொடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது. எப்போது கிடைக்கும் என்று கேட்டால் சிரிக்கிறார்கள். எனக்கு வயது 39. அலுவலக வேலை, பெரும்பாலும் முழுக்கைச் சட்டை, வாரம் மூன்று நாள் நீச்சல். அது வரும்வரை தினமும் கட்டிக்கொள்ள நல்ல வாட்ச் ஒன்று வாங்கலாம் என்று நினைக்கிறேன். மனதில் நான்கு இருக்கின்றன: ஒமேகா ஸ்பீட்மாஸ்டர், ஒமேகா அக்வா டெர்ரா, டியூடர் பிளாக் பே 58, கிராண்ட் செய்கோ ஸ்னோஃப்ளேக். ஸ்பீட்மாஸ்டர் பக்கம்தான் மனம் சாய்கிறது. டேடோனா போல அதிலும் ஸ்டாப்வாட்ச் உண்டு, அந்த ஏக்கத்தைக் கொஞ்சம் தணிக்கும் அல்லவா? மனைவியோ, "அதுக்கு ஒண்ணு, அது வர்ற வரைக்கும் ஒண்ணா?" என்று கேட்கிறாள். அதிலும் நியாயம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

ர.

*

அன்புள்ள ர.,

உங்கள் மனைவியின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. என் வீட்டிலும் அதே கேள்வி வேறு வார்த்தைகளில் வந்தது, அன்றும் எனக்குப் பதில் தெரியவில்லை. "செல்போனிலேயே மணி தெரிகிறதே" என்று எழுதப்போகும் நண்பர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ஆமாம், தெரிகிறது. மேலே போவோம்.

ஏக்கத்தைத் தணிப்பதற்காக ஸ்பீட்மாஸ்டர் என்கிறீர்கள். அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் அதை வாங்காதீர்கள்.

நான் பட்டதைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன்பு நானும் ஓரிடத்தில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். அது வரும்வரை என்று, அதன் சாயலில் ஒன்றை வாங்கினேன். அதே கறுப்பு டயல், அதே மாதிரி முட்கள், விலை மூன்றில் ஒரு பங்கு. முதல் வாரம் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. பிறகு மணி பார்க்கக் கையைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் கண்ணில் பட்டது கையில் இல்லாத அந்த இன்னொன்றுதான். பெசலின், அதாவது கண்ணாடியைச் சுற்றிய வளையத்தின், விளிம்பு கொஞ்சம் தடிப்பு, செயினின் கொக்கி கொஞ்சம் மெலிவு என்று குறைகளை எண்ண ஆரம்பித்தேன். பாவம், அந்த வாட்சில் ஒரு பழுதும் கிடையாது, நேரத்தைச் சரியாகத்தான் காட்டிக்கொண்டிருந்தது. பதினான்கு மாதத்தில் நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டேன். இன்னொன்றின் இடத்தை நிரப்ப வந்த பொருளை நாம் நியாயமாக நடத்துவதே இல்லை.

அதிலும் ஸ்பீட்மாஸ்டரை டேடோனாவின் நிழலாக வாங்குவது வரலாற்றுக்கே அநியாயம். ஸ்பீட்மாஸ்டர் வந்தது 1957-இல். வேகத்தைக் கணக்கிடும் டாக்கிமீட்டர் அளவுகோலை டயலிலிருந்து எடுத்து வெளி வளையத்தில் முதலில் வைத்தது அதுதான். டேடோனா பிறந்தது 1963-இல், ஆறு வருடம் இளையது. விண்வெளிப் பயணத்துக்கான வாட்ச் தேடி நாசா நடத்திய சோதனையில் ரோலெக்ஸும் ஒமேகாவும் இருந்தன. வெப்பம், குளிர், ஈரப்பதம், அதிர்ச்சி எல்லாவற்றையும் தாண்டி 1965-இல் தேறியது ஸ்பீட்மாஸ்டர். 1969-இல் நிலவில் இறங்கியபோது விண்கலத்தின் கடிகாரம் வேலை செய்யாததால் ஆம்ஸ்ட்ராங் தன் வாட்சை உள்ளேயே விட்டுவிட்டுப் போனார். ஆல்ட்ரின் கட்டிக்கொண்டு இறங்கினார். இப்படிப்பட்ட ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டு 'டேடோனா வரட்டும்' என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தால், குற்றம் வாட்ச்சுடையதா?

டேடோனாவின் கதை இன்னும் வேடிக்கை. இன்று அதற்கு இத்தனை அடிதடி. ஆனால் கையால் சாவி கொடுக்க வேண்டிய அந்த ஆரம்பகால டேடோனாக்கள் கடைகளில் விலைபோகாமல் கிடந்தவை. ஆட்டோமேட்டிக் இயந்திரம் அதற்கு வந்ததே 1988-இல்தான். அதுவும் ரோலெக்ஸின் சொந்த இயந்திரம் அல்ல, செனித் நிறுவனத்தின் எல் பிரிமேரோவைத் திருத்தி எடுத்துக்கொண்டது. சொந்த இயந்திரம் 2000-இல் வந்தது. நடிகர் பால் நியூமனுக்கு அவர் மனைவி ஒரு டேடோனாவைப் பரிசளித்தார். பின்மூடியில் 'பார்த்து ஓட்டுங்கள், இப்படிக்கு நான்' என்கிற பொருளில் மூன்று சொற்கள் பொறித்திருந்தார், கணவர் கார் பந்தய ஓட்டுநர் என்பதால். நியூமன் அதைத் தினமும் கட்டினார். 1984-இல் ஒருநாள், வீட்டு வேலையில் உதவிக்கொண்டிருந்த மகளின் காதலனிடம் மணி கேட்டார். அவன் கையில் வாட்ச் இல்லை. தன்னுடையதைக் கழற்றி அவனிடம் கொடுத்துவிட்டார். அந்த வாட்ச்தான் 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 77 லட்சம் டாலரைத் தாண்டிப் போனது. நீங்கள் வரிசையில் நிற்கும் பொருளின் மவுசுக்கு ஒரு பெரிய காரணம், ஒருவர் அதை யோசிக்காமல் அன்றாடம் கட்டித் திரிந்ததும் யோசிக்காமல் கழற்றிக் கொடுத்ததும்தான்.

வரிசை என்று சொன்னேன். அது வரிசையே அல்ல. உங்களுக்கு முன்னால் இருபது பேர், ஒவ்வொருவராக வாங்கிப் போனபின் உங்கள் முறை என்று நினைத்திருந்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். அவர்கள் குறித்துக்கொண்டது உங்கள் விருப்பத்தை, அவ்வளவுதான். வரும் சரக்கை யாருக்குத் தருவது என்பது விற்பவரின் இஷ்டம். என் விஷயத்தில் நாலு வருடம் கழித்து நானே போன் செய்தேன். பெயர் குறித்துக்கொண்டவர் வேலையை விட்டுப் போய்விட்டிருந்தார். புதியவருக்கு என் பெயரே தெரியவில்லை. 'மறுபடி பதிந்துகொள்ளட்டுமா சார்?' என்று மிகுந்த பணிவோடு கேட்டார். அதனால் இரண்டு விஷயம். ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது நேரில் தலையைக் காட்டுங்கள். மற்றது, அங்கே வேறு எதையாவது வாங்கினால் முன்னுரிமை கிடைக்கும் என்ற ஆசையில் வேண்டாத ஒன்றை வாங்காதீர்கள். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். வேண்டாத பொருள் மட்டும் நிச்சயமாக வீட்டில் இருக்கும்.

ஆகவே டேடோனா வரவே வராது என்று வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் பார்ப்போம்.

ஸ்பீட்மாஸ்டரை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் நீங்கள் நீந்துகிறவர். அதன் நீர்த்தாங்கல் 50 மீட்டர்தான். வாட்ச்களுக்குச் சொல்லும் இந்த மீட்டர் கணக்கு, அசையாமல் வைத்து அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் சோதனையின் கணக்கு. அதற்காக 50 மீட்டர் வாட்ச் நீச்சல் குளத்தில் உடனே நனைந்துவிடும் என்று பொருளில்லை. ஆனால் தண்ணீருக்குள் பக்கவாட்டு ஸ்டாப்வாட்ச் பொத்தான்கள் அழுந்திவிடுமோ, நீரைத் தடுக்கும் ரப்பர் வளையம் கெட்டிப்பட்டிருக்குமோ என்று வாரம் மூன்று நாள் நினைத்துக்கொண்டே நீந்த வேண்டும். கழற்றி வைத்துவிட்டு இறங்கலாம்தான். கழற்றி வைக்கிற வாட்ச் அன்றாட வாட்ச் ஆகுமா?

டியூடர் பிளாக் பே 58 தண்ணீருக்கென்றே செய்தது. குறுக்களவு 39 மில்லிமீட்டர், நீர்த்தாங்கல் 200 மீட்டர், ஒருமுறை முழுதாகச் சாவி ஏறினால் 70 மணிநேரம் ஓடும். வெள்ளிக்கிழமை இரவு கழற்றி வைத்தாலும் திங்கள் காலை ஓடிக்கொண்டிருக்கும். பெயரில் உள்ள 58 என்பது டியூடரின் முதல் 200 மீட்டர் முக்குளிப்பு வாட்ச் வந்த 1958-ஐக் குறிக்கிறது. டியூடரைத் தொடங்கியவரும் ரோலெக்ஸின் ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப்தான், குறைந்த விலைக்கென்று. அதனாலேயே விவரம் தெரிந்த நண்பர் ஒருவராவது 'ரோலெக்ஸ் கிடைக்கலையா?' என்று கேட்பார். நீங்கள் ரோலெக்ஸின் முக்குளிப்பு வாட்ச்சான சப்மரைனருக்குக் காத்திருந்தால் இதைத் தொடவே விடமாட்டேன், முகச்சாயல் அப்படி. டேடோனாவுக்கு என்பதால் ஆட்சேபம் இல்லை.

கிராண்ட் செய்கோ ஸ்னோஃப்ளேக்கைப் பார்க்கும்போது டயலை மட்டும் பார்க்காதீர்கள். பனி படிந்தது போன்ற அந்த வெள்ளை அழகுதான். ஆனால் நொடிமுள்ளை ஒரு நிமிடம் கண்ணை எடுக்காமல் பாருங்கள். நீலம் பாய்ச்சிய மெல்லிய முள். துடிக்காது, தயங்காது, தண்ணீரில் இலை போவது போலச் சறுக்கிக்கொண்டே போகும். மற்ற மூன்றும் அப்படி அல்ல. பிளாக் பேயின் இயந்திரம் மணிக்கு 28,800 தடவை துடிக்கிறது, அதாவது நொடிக்கு எட்டு சின்னச் சின்னக் குதிப்பு. ஸ்னோஃப்ளேக்கில் உள்ள ஸ்பிரிங் டிரைவ் வேறு ஜாதி. சுருள்வில்தான் ஓட்டுகிறது, பேட்டரி கிடையாது. ஆனால் கடைசிச் சக்கரத்தின் வேகத்தைக் குவார்ட்ஸ் படிகம் ஒன்று கண்காணித்து, காந்தத்தால் மெல்லப் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது. யோஷிகாசு அகாஹானே என்ற பொறியாளர் 1977-இல் நினைத்தது இது. விற்பனைக்கு வந்தது 1999-இல். முந்தின வருடமே அவர் இறந்துவிட்டார். நாளுக்கு ஒரு நொடிக்குமேல் பிசகாது. டைட்டானியம் என்பதால் கையில் கனமே இருக்காது. சிலருக்கு அதுவே ஏமாற்றம், இவ்வளவு கொடுத்தும் கையில் ஒன்றும் இல்லாததுபோல இருக்கிறதே என்பார்கள். எனக்கு அது பிடிக்கும்.

இனி அக்வா டெர்ரா. அதைச் சொல்லும்முன் ஒரு கிளைக்கதை. சாயல் வாட்ச்சைத் தள்ளிவிட்டேன் அல்லவா, அதன்பின் நான் வாங்கியது சாதாரண மூன்று முள் ஆட்டோமேட்டிக். இரண்டு வருடம் ஒழுங்காக ஓடியது, திடீரென்று நாளுக்கு நாலைந்து நிமிடம் முந்த ஆரம்பித்தது. சர்வீஸ் என்றால் வாரக்கணக்கில் ஆகுமே என்ற கவலையோடு ரிப்பேர் பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் வாட்ச்சைத் திறக்கவே இல்லை. மேஜை டிராயரிலிருந்து சின்னத் திசைகாட்டி ஒன்றை எடுத்து வாட்ச்சின் அருகில் வைத்தார். முள் சட்டென்று வாட்ச் பக்கம் திரும்பியது. "ராத்திரி இதை எங்கே வைப்பீங்க?" என்றார். டேப்லெட்டின் மேல், என்றேன். அந்த உறையில் காந்தம் இருந்திருக்கிறது. தலைமுடியைவிட மெல்லிய சமநிலைச் சுருளின் வளையங்கள் காந்தமேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் சுருளின் நீளம் குறைந்த மாதிரி ஆகிவிடும், துடிப்பு வேகமாகும். கறுப்புப் பெட்டி போன்ற கருவியின்மேல் வைத்துப் பொத்தானை அழுத்தி, வாட்ச்சை மெதுவாக மேலே தூக்கினார். பத்து நொடி. காசு வாங்கவில்லை.

அக்வா டெர்ராவுக்கு இந்தத் தொல்லை கிடையாது. சுருள் காந்தமேறாத சிலிக்கானால் ஆனது. 15,000 காஸ் காந்தப்புலத்தைத் தாங்கும் என்று சான்று வாங்கியிருக்கிறது. மருத்துவமனையில் சாதாரணமாக இருக்கும் 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ இயந்திரத்தின் அளவு அது. நாள் முழுவதும் லேப்டாப்பும் போனும் சூழ உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இது விளம்பர வாசகம் இல்லை, அன்றாடத் தேவை. நாளுக்கு 0 முதல் 5 நொடி முந்தலாம், பிந்தாது. நீர்த்தாங்கல் 150 மீட்டர், நீச்சலுக்குத் தாராளம். தேதி உண்டு. பார்ப்பவர் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். முக்கியமாக, அதில் டேடோனாவின் ஜாடை துளியும் இல்லை. ஒப்பிட ஆசைப்பட்டாலும் எதை எதோடு ஒப்பிடுவது?

பணத்தைப் பற்றி ஒரே வார்த்தை. இடைக்காலத்துக்குத்தானே, பிறகு விற்றுவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். இந்த நான்கில் எதுவும் கடையை விட்டு வெளியே வந்ததும் விலை இறங்கும். விற்கமாட்டேன் என்று தோன்றுவதை வாங்குங்கள்.

என் ஓட்டு அக்வா டெர்ராவுக்கு, 38 மில்லிமீட்டர். (நீங்கள் நீந்தாதவராக இருந்திருந்தால் ஸ்னோஃப்ளேக் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டு மீதியை எழுதியிருக்கவே மாட்டேன்.) சாயங்காலம் போய்ப் பாருங்கள். மணிக்கட்டு காலையைவிட அப்போது கொஞ்சம் பருத்திருக்கும், செயினை அந்த அளவுக்கு வெட்டினால்தான் கையை இறுக்காது. முழுக்கைச் சட்டையோடு போங்கள். கட்டிக்கொண்டு, கைப்பொத்தானைப் போட்டுவிட்டு, கையை ஒருமுறை நீட்டி மடக்குங்கள். சட்டைக்கை அதன்மேல் சிக்காமல் வழுக்கிப் போகிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்.