அந்த 50 கோடி எந்த 50 கோடி? – பொக்ஸ் ஒபிஸ் கேள்வி பதில்

விஞ்ஞானப் புனைவுப் படமொன்று ஓடத் தொடங்கினால் வசூல் கணக்குக் கேட்டு வரும் கடிதங்களும் கூடிவிடும். இம்முறை திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

இந்தியாவில் முதல் நாள் வசூல் 50 கோடி என்று ஒருவர் போடுகிறார். அதே படத்துக்கு அதே நாளில் 42 கோடி என்று இன்னொருவர் போடுகிறார். யார் பொய் சொல்வது? – உயர்தர மாணவன், உப்புவெளி

இருவரும் பொய் சொல்லவில்லை, தம்பி. 50 என்பது கிராஸ், 42 என்பது நெட். பார்வையாளர் டிக்கெட்டுக்குக் கொடுத்த முழுக் காசு கிராஸ். அதிலிருந்து வரியைக் கழித்தால் நெட். இந்தியாவில் 100 ரூபாவுக்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. (பொருள், சேவை வரி) 18 வீதம், அதற்குக் குறைந்த டிக்கெட்டுக்கு வரியும் குறைவு. தமிழ்நாட்டில் உள்ளூராட்சிக் கேளிக்கை வரி வேறாகச் சேரும்.

இங்கே பலர் விடுகிற பிழை ஒன்று இருக்கிறது. 50 கோடியில் 18 வீதம் 9 கோடி, ஆகவே நெட் 41 கோடி என்று எழுதிவிடுகிறார்கள். வரி நெட்டின் மேல் ஏற்றப்படுவது, கிராஸிலிருந்து வெட்டப்படுவதல்ல. 200 ரூபா டிக்கெட் வரியோடு 236 ஆகிறது, அதாவது 1.18 மடங்கு. ஆகவே 50ஐ 1.18ஆல் பிரியுங்கள்; 42.37 வரும். ஒரு நாளில் 1.37 கோடி வித்தியாசம் என்றால் மூன்றாவது வாரத்தில் உங்கள் கொப்பிக் கணக்கு எங்கேயோ போய் நிற்கும்.

மூன்றாவதாக ஷேர் என்ற ஒன்று உண்டு. நெட்டில் தியேட்டர்காரர் தன் பங்கை எடுத்தபின் விநியோகஸ்தர் கைக்கு வருவது அது. முதல் வாரத்தில் விநியோகஸ்தர் பக்கம் கூடுதலாகப் போகும். வாரம் போகப்போக தியேட்டர் பக்கம் சாயும். படம் போட்ட காசை எடுத்ததா என்று பேச வந்தால் இந்த ஷேரைத்தான் பார்க்கவேண்டும். கிராஸை வைத்துச் சண்டை பிடிப்பதில் பயனில்லை.

ஹொலிவூட் படத்துக்கு ஞாயிறு இரவு ஒரு எண், செவ்வாய் காலை வேறொரு எண். ஏன் மாறுகிறது? – ஆசிரியை, பாலையூற்று

ஞாயிறு இரவு நீங்கள் பார்ப்பது மதிப்பீடு. அமெரிக்க மேற்குக் கரையில் அப்போதுதான் ஞாயிறு காலை. அன்றைய காட்சிகள் பெரும்பாலும் தொடங்கியே இருக்காது. வெள்ளியும் சனியும் வந்த காசை வைத்து, ஞாயிறு இவ்வளவு வரும் என்று ஸ்டூடியோ கணித்துச் சொல்கிறது. நம் நேரத்துக்கு அது இரவு எட்டரை, ஒன்பதரை வாக்கில் வெளிவரும். அங்கே குளிர்காலமென்றால் ஒரு மணித்தியாலம் பிந்தும். உண்மைக் கணக்கு அவர்களுடைய திங்கள் பின்னேரம், அதாவது நமக்குச் செவ்வாய் விடியப்புறம். கொப்பியில் மதிப்பீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். செவ்வாய் காலை பேனாவால் திருத்துங்கள்.

இதைவிட ஆளை ஏமாற்றுவது வியாழன் இரவுக் காட்சி, அதாவது வெள்ளி வெளியீட்டுக்கு முதல்நாள் இரவே போடும் காட்சி. அந்தக் காசையும் வெள்ளிக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். உதாரணத்துக்கு வெள்ளி 30 மில்லியன், அதில் வியாழன் இரவு 10 மில்லியன் என்று வைப்போம். சனி 24 மில்லியன். மேலோட்டமாகப் பார்த்தால் 20 வீதம் விழுந்துவிட்டது. உண்மையான வெள்ளி 20தான்; ஆகவே படம் 20 வீதம் ஏறியிருக்கிறது! ரசிகர் கூட்டம் முதல் இரவே அள்ளுண்டு போகிற படங்களுக்கு இந்தப் பிரிப்பைச் செய்யாமல் பேசவே கூடாது. அங்கே ‘டொமெஸ்ரிக்’ என்று போடுவது அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்தது. கனடாவில் இருக்கும் நம் உறவுகள் வாங்கும் டிக்கெட்டும் அதற்குள் வந்துவிடும். ஆகவே அதை ஓவர்சீஸ் (வெளிநாட்டு) கணக்கில் மறுபடி கூட்டாதீர்கள்.

முதல் மூன்று நாள் வசூலை வைத்து முழு ஓட்டத்தையும் சொல்லலாமா? – வாசகர், கிண்ணியா

தனியே அதை வைத்துச் சொல்ல முடியாது. மல்டிபிளயர் பார்க்கவேண்டும்: மொத்த வசூலை முதல் வார இறுதியால் பிரித்து வருவது. 2009இல் வந்த ‘அவதார்’ வட அமெரிக்காவில் முதல் வார இறுதியில் சுமார் 77 மில்லியன் டொலர் எடுத்தது. அந்த ஓட்டம் முடியும்போது சுமார் 750 மில்லியன். கிட்டத்தட்ட 9.7 மடங்கு. 2019இன் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ அதே இடத்தில் சுமார் 357 மில்லியனோடு தொடங்கி 858 மில்லியனில் முடிந்தது, 2.4 மடங்கு. இரண்டும் மாபெரும் வெற்றிகள், ஆனால் ஓடிய விதம் வேறு. ஒன்றை வாய்வழிப் பேச்சும் முப்பரிமாணத் திரையும் மாதக்கணக்கில் தாங்கின. மற்றதன் முடிவு வெளியே கசியுமுன் பார்த்துவிட வேண்டும் என்று எல்லோரும் முதல் மூன்று நாளே ஓடிப் போனார்கள்.

புதிய கதையோடு வரும் விஞ்ஞானப் புனைவுக்கு நான் முதல் வெள்ளியைவிட முதல் திங்களையே நம்புவேன். வெள்ளி என்பது விளம்பரத்துக்கு வந்த கூட்டம்; திங்கள் என்பது பார்த்தவர் சொல்லி வந்த கூட்டம். வெள்ளியில் பாதியையாவது திங்கள் பிடித்தால் படம் நிற்கும். மூன்றில் ஒன்றுக்குக் கீழே போனால் இரண்டாம் வாரத்தில் காட்சிகளைக் குறைத்துவிடுவார்கள்; அதன்பின் எழும்புவது கடினம். திங்கள் விடுமுறையாக இருந்தால் செவ்வாயைப் பாருங்கள்.

மறுவெளியீட்டுக் காசுக்குத் தனி நிரல் போடுங்கள். ‘எண்ட்கேம்’ பிடித்த உலக வசூல் முதலிடத்தை ‘அவதார்’ திரும்பப் பிடித்தது 2021 மார்ச்சில், சீனாவில் மறுபடி திரையிட்டபோது. முதல் ஓட்டத்தையும் மறுவெளியீட்டையும் ஒரே நிரலில் போட்டால் எந்த ஓட்டத்தில் எவ்வளவு என்று பிறகு பிரிக்க முடியாது.

நம் திருகோணமலைத் தியேட்டரின் கணக்கை நாமே எடுக்கலாமா? – நண்பர்கள் ஐவர், தம்பலகாமம்

எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். நம் ஊர்க் கணக்கை வெளியே யாரும் எழுதி வைப்பதில்லை.

முதலில் ஓடிசியில் (கீழ்த்தளத்தில்) எத்தனை இருக்கை, பல்கனியில் எத்தனை என்று வரிசை வரிசையாக எண்ணி வையுங்கள். இது ஒருமுறை செய்தால் போதும். பிறகு காட்சிக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். எண்ணுவதற்குச் சரியான நேரம் இடைவேளைக்கு லைட் போட்ட முதல் அரை நிமிடம். ஆட்கள் தேநீருக்கு எழும்பிவிட்டால் கணக்குப் போச்சு. படம் தொடங்கும்போது எண்ணினால் பிந்தி வருபவர்கள் தவறிவிடுவார்கள். பாதிக்கு மேல் நிறைந்திருந்தால் ஆட்களை எண்ணாமல் வெற்று இருக்கைகளை எண்ணுங்கள்; வேகமும் கூட, பிழையும் குறைவு. மடியில் இருக்கும் பிள்ளையை எண்ணாதீர்கள், டிக்கெட் இல்லை.

உதாரணக் கணக்கு: ஓடிசி 300 இருக்கை, டிக்கெட் 600 ரூபா. பல்கனி 100 இருக்கை, 1,000 ரூபா. நிறைந்த காட்சி 2,80,000 ரூபா. அன்று ஓடிசியில் 210 பேர், பல்கனியில் 90 பேர் என்றால் 2,16,000. இருக்கைப்படி 75 வீதம், காசுப்படி 77 வீதம். இரண்டையும் எழுதுங்கள், பல்கனி முதலில் நிறைவது குடும்பங்கள் வரத் தொடங்கியதன் அடையாளம்.

எண்ணுக்குப் பக்கத்தில் காரணத்தையும் ஒரு சொல்லில் குறியுங்கள். வெள்ளி மதியம் ஜும்ஆ. சனி பகல் ரியூஷன். கார்த்திகை மழை. இரவுக் காட்சிக்கு மூதூர், கிண்ணியாப் பக்கத்தார் திரும்பிப் போக வழி பார்க்கவேண்டும். இவை இல்லாமல் ‘செவ்வாய் இரவு 40 பேர்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் படத்தைக் குறை சொன்னால் அது நியாயமல்ல.

டொலருக்கு மாற்றும்போது கவனம். 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபா. அதே ஆண்டு மே மாதம் சுமார் 360. 1,000 ரூபா டிக்கெட் 5 டொலரிலிருந்து 2.78 டொலருக்கு இறங்கியது, இருக்கையில் இருந்தவர் எண்ணிக்கை மாறாமலே. ஆண்டுகளை ஒப்பிட வேண்டுமென்றால் ஆள் எண்ணிக்கையை வைத்து ஒப்பிடுங்கள்.

ஒன்லைன் முன்பதிவில் காட்டும் இருக்கை வரைபடத்தில் நிறம் மாறிய இருக்கை எல்லாம் விற்றவையா? – வாசகி, மூதூர்

இல்லை. கவுண்டருக்கென்று தியேட்டர் ஒதுக்கிய இருக்கைகளும் விற்றவை போலவே தெரியும். முன்பதிவு திறந்த ஐந்தாவது நிமிடமே முன்வரிசை முழுதும் அடைபட்டிருந்தால் அது ஒதுக்கியதுதான். திறந்தவுடன் ஒரு படம் பிடித்து வையுங்கள், காட்சிக்கு அரை மணித்தியாலம் முன் இன்னொன்று. இடையில் மாறியவை மட்டுமே நிச்சயமான விற்பனை. இணைய முன்பதிவுக்கென்று தனியே எடுக்கும் கட்டணம் கிராஸில் சேராது.

உலக வசூல் செலவைத் தாண்டிவிட்டால் படம் வெற்றிதானே? – வாசகர், நிலாவெளி

அப்படியில்லை, அண்ணா. அமெரிக்காவில் ஸ்டூடியோவுக்குக் கிடைப்பது ஏறக்குறையப் பாதி, வசூலில் பங்கு பெறும் முறையில் சீனாவுக்குள் போகும் படத்துக்கு 25 வீதம். விளம்பரச் செலவு தயாரிப்புச் செலவுக்குள் வராது. அதனால்தான் செலவைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு வரவேண்டும் என்று சொல்வது. 2017இல் வந்த ‘பிளேட் ரன்னர் 2049’க்கு 150 மில்லியன் டொலருக்குக் குறையாமல் செலவு, உலக வசூல் 300 மில்லியனைத் தொடவில்லை, நட்டத்தில்தான் முடிந்தது. ஆனாலும் அந்தப் படத்தின் ஒளிப்பதிவுக்கு 2018இல் ஒஸ்கார் கிடைத்தது. அதற்கு உங்கள் கொப்பியில் நிரல் கிடையாது. பக்கத்தின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.