கியூபாவின் நடன இசையான திம்பா சல்சாவிலிருந்து எங்கே வேறுபடுகிறது? ஹவானாவில் நேரில் கேட்கும்போது எதைக் கவனிப்பது?

சல்சாவில் பாஸ் பெரும்பாலும் ஒரே மாதிரியான சுழற்சியைப் பிடித்துக்கொண்டிருக்கும். திம்பாவில் அந்தப் பிடி அடிக்கடி விடுபடும். 1988-இல் ஹோசே லூயிஸ் கோர்தேஸ் தொடங்கிய என்ஜி லா பண்டா குழு இந்தப் பாணியை வடிவமைத்தது. அதற்கு அடித்தளம், 1969-இல் ஹுவான் ஃபோர்மெல் தொடங்கிய லோஸ் வான் வான் குழுவின் சோங்கோ தாளம்.

பாட்டின் முதல் பாதி அமைதியாகக் கதை சொல்லும். பிறகு கோரஸ் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட, முதன்மைப் பாடகர் இடையிடையே புதிதாக வரி கட்டுவார். உண்மையான திம்பா இங்கேதான் பிறக்கிறது. சைகை கிடைத்ததும் பாஸ் சட்டென நின்றுவிடும், அல்லது தந்தியில் வழுக்கி உறுமும்; பியானோவும் தாளக் கருவிகளும் மட்டும் ஓடும். அரங்கம் கொந்தளிப்பது அப்போதுதான்.

புதியவர்கள் தடுமாறுவதும் அங்கேயே. பாஸை நம்பி எண்ணினால் ஆட்டம் குலைந்துவிடும். பியானோவையும் மாட்டுமணியையும் பிடித்துக்கொள்ளுங்கள். பாட்டு முழுவதற்கும் அடிப்படையான, ஐந்து தட்டுகள் கொண்ட கிளாவே என்ற தாள வடிவத்தையும் தேடுங்கள். திம்பாவில் அடிக்கடி வரும் ரும்பா கிளாவேயில் மூன்றாவது தட்டு, சல்சாவில் வழக்கமான சோன் கிளாவேயைவிடச் சற்றுத் தாமதமாக விழும்.

கேட்க நல்ல இடங்கள் ஹவானாவின் மிராமார் பகுதியிலும் காலியானோ தெருவிலும் உள்ள காசா தெ லா மூசிகா அரங்குகள். இரவுக் காட்சியில் முதன்மைக் குழு பெரும்பாலும் நள்ளிரவை ஒட்டியே மேடையேறும். மாலைக் காட்சி இருந்தால் அதையே பரிந்துரைப்பேன். நிகழ்ச்சி நிரல் கடைசி நேரத்தில் மாறக்கூடும், அன்றே வாசலில் விசாரியுங்கள். ட்ரம்பெட் கலைஞர் அலெக்சாந்தர் அப்ரேயுவின் ஹவானா தே பிரிமேரா குழு வாசிக்கிறது என்றால் தவறவிடாதீர்கள்.