அடியைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: ஸ்டாக்ஹோம் பழம்பொருள் சந்தையில் ஒரு மதுக்குடுவையும் நான்கு கோப்பைகளும் வாங்கினேன். ‘ஓரெஃபோர்ஸ்’ என்ற ஸ்வீடன் கண்ணாடி நிறுவனத்தினுடையவை என்றார் விற்றவர். நம்பலாமா?

பதில்: அவர் பேச்சை விடுங்கள், குடுவையைக் கவிழ்த்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அடியில் ஊசியால் கீறியதுபோல நிறுவனப் பெயரோ சுருக்கமோ இருக்கலாம். கூடவே வடிவமைப்பாளரின் எழுத்து: ‘எச்’ என்றால் பெரும்பாலும் எட்வர்ட் ஹால்ட். விக்கே லிண்ட்ஸ்ட்ராண்ட் என்ற வடிவமைப்பாளர்தான் தலைவலி. 1940 வரை ஓரெஃபோர்ஸில் இருந்தவர், 1950-இல் கோஸ்டா என்ற இன்னொரு கண்ணாடி நிறுவனத்துக்குப் போனார். பாணியை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம்.

கோப்பைகளில் பலவற்றுக்கு நிறுவனப் பெயர் காகித ஒட்டியில்தான், கழுவினால் போச்சு. பழைய விலைப்பட்டியல் படங்களோடு கோப்பையின் தண்டுப் பகுதியை ஒப்பிடுங்கள்.

அப்புறம், மூடியிலும் கழுத்திலும் ஒரே எண் கீறியிருக்கிறதா? நான் பார்க்காமல் வாங்கிய குடுவையின் மூடி இன்றும் லொடலொடக்கிறது.