வாசகர் கேள்வி: வாடாத பூவில் ஒரு கல்யாண மேடை

கார்த்திகை, தை முகூர்த்தங்கள் நெருங்குவதால் இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காய்ந்த பூ, துணிப்பூ பற்றித்தான். கும்பகோணத்தில் இருந்துகொண்டு சுற்றுவட்டார மண்டபங்களுக்கு மேடை அலங்காரம் செய்கிறவள் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, கார்த்திகையில் மகளுக்குக் கல்யாணம். மல்லிகை விலையை நினைத்தாலே பயமாக இருக்கிறது. எல்லாமே துணிப்பூவாக வைத்துவிடலாம் என்கிறான் மகன். வாசனை இல்லாத பூவை வைத்து ஒரு கல்யாணமா என்று கேட்கிறார் மாமியார். யார் பேச்சைக் கேட்பது? (ஒரு வாசகி, மன்னார்குடி)

இரண்டு பேர் பேச்சையும் கேளுங்கள். மகன் சொல்வது மேடைக்கு, மாமியார் சொல்வது மாலைக்கு.

குளிர் தொடங்கினால் மல்லிகை வரத்து குறைந்துவிடும். அதோடு முகூர்த்தமும் சேர்ந்துகொண்டால் கிலோ 2,000 ரூபாயைத் தாண்டுவது நம் பக்கத்துச் சந்தைகளில் வழக்கம்தான். அந்த விலைக்கு வாங்கி மேடையின் பின்சுவர் முழுக்கச் சரம் தொங்கவிட்டால், வரவேற்புக்குக் கட்டியது விடிகாலை முகூர்த்தத்துக்குள் பழுத்துவிடும். பின்சுவர், முகப்பு வளைவு, தூண், படிக்கட்டு ஓரம், சாப்பாட்டுக் கூட வாசல் இதெல்லாம் கண்ணால் மட்டும் பார்க்கிற இடங்கள். அங்கே துணிப்பூவும் காய்ந்த பூவும் தாராளமாக வரலாம்.

உடம்பில் படுவதும், சாமிக்கு வைப்பதும், கையில் கொடுப்பதும் மட்டும் நிஜப்பூவாக இருக்கட்டும். மணமக்கள் மாலை, பெண்ணின் தலைப்பூ, அரசாணிக்கால், சீர்த்தட்டு, தாம்பூலத்தோடு தருகிற முழம் பூ. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. காரணம் வாசனை மட்டும் என்று நினைக்காதீர்கள். நம் ஊரில் கல்யாண மாலையைக் கழற்றியதும் தூக்கிப் போட்டுவிடுவதில்லையே. பத்திரமாக எடுத்து வைத்து, ஆடிப்பெருக்கன்று புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் காவிரிக்குக் கொண்டுபோய் ஆற்றில் விடுகிறார்கள். அதற்குள் காய்ந்து சருகாகியிருக்கும், ஆனாலும் தண்ணீரோடு போய்க் கரைந்துவிடும். துணி ரோஜாவும் பிளாஸ்டிக் மணியும் ஜிகினாவும் கோத்த மாலையை ஆற்றில் விட்டால் அடுத்த மதகில் சிக்கிக்கொண்டு அங்கேயே கிடக்கும். அதனால் மாலை சொல்லும்போதே வாழை நாரில் கட்டித் தரச் சொல்லுங்கள். பளபளப்புக்காகச் சேர்க்கிற காகிதமும் நைலான் நூலும் வேண்டாம் என்று அழுத்திச் சொல்லுங்கள். நன்றாகக் கட்டுகிறவர்கள் யாரும் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்கள்.

துணிப்பூ எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கடை வெளிச்சத்தில் மினுக்குகிற பூ, போட்டோக்காரர் பிளாஷ் அடித்ததும் வெள்ளைத் திட்டாகத் தெரியும். மினுக்கு இல்லாத, ஓரம் கொஞ்சம் நிறம் மாறியிருக்கிற இதழாகப் பாருங்கள். பெட்டியிலிருந்து எடுத்ததும் அப்படியே குத்தாமல், ஒவ்வொரு பூவையும் விரலால் விரித்து, காம்பு கம்பியை லேசாக வளைத்துவிட வேண்டும். நடுநடுவே நிஜ மாவிலையும் தென்னங்குருத்தும் வந்துவிட்டால் ஐந்தடி தள்ளி நிற்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. மேடையின் இரண்டு ஓரத்திலும் மரிக்கொழுந்து ஒரு கைப்பிடி செருகிவையுங்கள். மாமியார் கேட்ட வாசனையும் வந்துவிடும்.

வணக்கம் அக்கா. தை மாசக் கடைசியில் எனக்குக் கல்யாணம். எங்கள் வயலில் விளைகிற நெற்கதிரையே மேடைக்கு வைக்க ஆசை. எப்படிப் பக்குவப்படுத்துவது? வீட்டில் சிரிக்கிறார்கள். (ஒரு வாசகர், பாபநாசம்)

தம்பி, சிரிக்கிறவர்கள் மேடையைப் பார்த்ததும் மாறிவிடுவார்கள். இந்த மாதக் கடிதங்களிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது உங்களுடையதுதான். கதிர்க்கொத்தை வாசலில் கட்டித் தொங்கவிடுவதும், குருவிக்கென்று கோயிலில் கட்டுவதும் நமக்குப் பழக்கம். அதே கொத்து கல்யாண மேடைக்கு ஏன் ஆகாது?

முதல் விஷயம், அறுவடை இயந்திரம் வயலில் இறங்குவதற்கு முன்பே உங்களுக்கு வேண்டியதை அறுத்துவிடுங்கள். இயந்திரம் போன பிறகு தாள் தாளாகக் கிடைக்காது, நொறுங்கிப்போயிருக்கும். வரப்போரமாக ஒரு மூலையை ஒதுக்கி, கையரிவாளால் அடியோடு அறுங்கள். மணி முழுக்கப் பழுத்துவிட்டால் கை பட்டாலே உதிரும். கதிர் தலைசாய்ந்து, மணி முக்கால்வாசி மஞ்சளாகி, காம்பில் இன்னும் பச்சை இருக்கும்போது அறுப்பதுதான் சரி.

இப்போதைய குட்டை ரகங்களில் காம்பு நீளம் போதாது. மாப்பிள்ளைச் சம்பா மாதிரி பழைய ரகங்கள் ஆள் உயரத்துக்கு வளரும், கொத்து கட்ட அருமையாக இருக்கும். திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் விதை வாங்கிப் போட்டவர்கள் உங்கள் பக்கத்திலேயே யாராவது இருப்பார்கள். கேட்டுப் பாருங்கள், ஒரு கட்டு கதிருக்கு யாரும் இல்லை என்று சொல்லப்போவதில்லை.

அறுத்ததைக் கைப்பிடி அளவு சின்னக் கொத்துகளாகப் பிரித்து, காம்பில் ரப்பர் பேண்டு போடுங்கள். கயிறு வேண்டாம். காயக் காயக் காம்பு சுருங்கும், கயிறு தளர்ந்துவிடும், ரப்பர் கூடவே இறுகும். தலைகீழாகத் தொங்கவிடுங்கள். வெயில் படாத, காற்றோட்டமான அறை வேண்டும். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும், ஆனால் பொன்னிறம் போய் வைக்கோல் நிறம் வந்துவிடும். ஈரம் போக இரண்டு வாரம் பிடிக்கும். எலி ஏற முடியாத உயரத்தில் கட்டுங்கள். அந்துப்பூச்சி வராமல் இருக்க, எடுத்து வைக்கிற அட்டைப்பெட்டியில் கொத்துகளுக்கு நடுவே காய்ந்த வேப்பிலையோ நொச்சியிலையோ போட்டுவிடுங்கள்.

மேடையில் வைக்கும்போது வழக்கம்போல வாழைத்தண்டில் குத்தாதீர்கள். வாழைத்தண்டின் ஈரத்தைக் காய்ந்த காம்பு உறிஞ்சிக்கொண்டு ஒரே இரவில் துவண்டுவிடும். மண்பானையில் உலர்ந்த மணல் நிரப்பிச் செருகுங்கள். பொன்னிறக் கதிருக்குப் பக்கத்தில் வாடாமல்லியின் ஊதாவைத் தவிர வேறு எந்த நிறமும் எனக்குத் தேவைப்பட்டதில்லை. கல்யாணம் முடிந்ததும் கொத்துகளைத் திண்ணையில் கட்டிவிட்டால் குருவிகள் பார்த்துக்கொள்ளும். அதனால்தான் கதிர் மேல் வார்னிஷோ தங்கப் பெயிண்டோ அடிக்காதீர்கள் என்று சொல்கிறேன்.

பாம்பாஸ் புல் என்று ஒரு காய்ந்த புல்லை இணையத்தில் விற்கிறார்கள். விலை அதிகம். அதற்குப் பதிலாக நம் ஊரில் ஏதாவது உண்டா? (ஒரு வாசகி, மயிலாடுதுறை)

கொள்ளிடக் கரைக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். நாணல் பூத்து வெள்ளையாக நிற்கும். தென் அமெரிக்கப் புல்லுக்குக் கொடுக்கிற பணத்துக்கு, அறுத்துத் தருகிறவருக்கு நல்ல கூலியே கொடுத்துவிடலாம். பூ முழுக்க விரியும் முன்பே அறுத்துவிட வேண்டும். விரிந்துவிட்டால் பஞ்சு பறந்து பட்டுப்புடவையெல்லாம் ஒட்டிக்கொள்ளும். காய்ந்ததும் தலைக்கு அடிக்கிற ஹேர் ஸ்பிரேயைத் தள்ளி நின்று ஒருமுறை அடியுங்கள், அப்படியே நிற்கும். ஜாடிக்குப் பதிலாகத் தைக்கால் ஊரில் பின்னுகிற பிரம்புக்கூடை பொருத்தமாக இருக்கும்.

தாமரைக் காயும் வாடாமல்லியும் காயப்போட்டேன். ஐப்பசி மழையில் எல்லாம் பூசணம் பிடித்துவிட்டது. காப்பாற்ற வழி உண்டா அம்மா? (ஒரு வாசகி, திருவாரூர்)

பூசணம் பிடித்ததைக் காப்பாற்ற முடியாதம்மா, எரித்துவிடுங்கள். நல்லதோடு சேர்த்து வைத்தால் அதற்கும் பரவும். நம் டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகையில் காற்றிலேயே ஈரம். அப்போது எதையும் புதிதாகக் காயப்போடக் கூடாது. சித்திரையிலிருந்து ஆனிக்குள் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிவைத்துவிட வேண்டும். நீல நிற ஜெல் வாங்கினால் ஈரம் ஏறியதும் இளஞ்சிவப்பாக மாறிக் காட்டிக்கொடுக்கும். அதை வாணலியில் சிறு தீயில் சூடாக்கினால் மறுபடி நீலமாகிவிடும். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

வாடாமல்லி, கோழிக்கொண்டை, தாமரைக் காய் மூன்றும் நிறமோ வடிவமோ கெடாமல் காயும். சிவப்பு ரோஜா கறுத்துப்போகும், ஆனாலும் அழகுதான். மல்லிகையையும் சம்பங்கியையும் காயவைக்க முயற்சி செய்ய வேண்டாம், பழுப்பாகிவிடும்.

பெண்ணுக்கு நெட்டி மாலை போடலாமா? மாட்டுக்குப் போடுவதைப் பெண்ணுக்கா என்கிறார் என் அண்ணன். (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

உங்கள் அண்ணனுக்குச் சொல்லுங்கள், தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. குளத்திலும் ஏரியிலும் வளர்கிற செடியின் தண்டைச் சீவி, தந்தம் மாதிரி வெள்ளையாகப் பெரிய கோயில் கோபுரத்தையே செய்துவிடுகிற கை அது. நரசிங்கம்பேட்டையில் மாட்டுப் பொங்கலுக்கு நெட்டி மாலை செய்கிறார்கள் என்பதில் தாழ்வு என்ன இருக்கிறது? மாடும் நம் வீட்டு லட்சுமிதானே.

ஆனால் கழுத்து மாலையாக நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன், காரணம் வேறு. நெட்டி அழுத்தம் தாங்காது, மாலை மாற்றும்போது நசுங்கிவிடும். சாயம் போட்ட நெட்டி வியர்வை பட்டால் பட்டில் இறங்கும். மேடையின் நடுவில், மணமக்கள் தலைக்கு மேலே வெள்ளை நெட்டிப் பூக்களைக் கொத்தாகத் தொங்கவிடுங்கள். கனமே இருக்காது, மெல்லிய நூல் போதும். கழுத்துக்குத் தஞ்சாவூர்க் கதம்பம் இருக்கவே இருக்கிறது. தை முகூர்த்தம் என்றால் நெட்டி செய்கிறவர்களிடம் மார்கழி பிறக்கும் முன்பே சொல்லி வைத்துவிடுங்கள். பொங்கல் நெருங்கினால் அவர்களுக்கு நிற்க நேரம் இருக்காது.

போன கல்யாணத்தில் வைத்த துணிப்பூ பெட்டியில் தூசியாக இருக்கிறது. துவைக்கலாமா? (ஒரு வாசகி, பட்டுக்கோட்டை)

முதலில் பெரிய பையில் பூவோடு கல்லுப்பு ஒரு கைப்பிடி போட்டுக் குலுக்குங்கள். பாதித் தூசி உப்போடு வந்துவிடும். பிறகும் அழுக்கு இருந்தால் ஒரு இதழை மட்டும் நனைத்து, சாயம் போகவில்லை என்று பார்த்துக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து நிழலில் தொங்கவிடுங்கள். பிழியாதீர்கள்.

மணவறையில் ஹோமம் வளர்க்கப்போகிறோம். துணிப்பூ தீப்பிடிக்கும், காய்ந்த பூ வைத்தால் பயமில்லை என்கிறார் அலங்காரக்காரர். சரியா? (ஒரு வாசகர், நாகப்பட்டினம்)

சரியே இல்லை. துணிப்பூவும் பிளாஸ்டிக்கும் உருகிச் சொட்டும், தோலில் விழுந்தால் ஒட்டிக்கொண்டு சுடும். காய்ந்த கதிரும் நாணலும் அதைவிட வேகமாகப் பற்றும், ஒரு பொறி போதும். ஹேர் ஸ்பிரே அடித்திருந்தால் இன்னும் மோசம். ஹோம குண்டத்துக்கு மேலேயும், சுற்றி ஆறடிக்குள்ளும் இரண்டுமே கூடாது. அந்த இடத்தில் வாழைமரம், தென்னங்குருத்துத் தோரணம், மாவிலை, புதுப்பூ மட்டும் கட்டச் சொல்லுங்கள். குத்துவிளக்கு பக்கத்திலும் அப்படித்தான். பூவுக்குள் செருகுகிற விளக்கு எல்.இ.டி.யாக இருக்கட்டும், சூடேறுகிற ஹாலஜன் போகஸ் வேண்டாம். ஹோமம் நடக்கும்போது மேடைப் பக்கம் திரும்பியிருக்கிற பெரிய மின்விசிறியை நிறுத்திவைக்க ஒருவரை நியமியுங்கள். மேடைக்குப் பின்னால் இரண்டு வாளித் தண்ணீரும், மண்டபத்தின் தீயணைப்பு உருளையும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். உருளையின் காலாவதித் தேதியை முன்பணம் கொடுக்கும் அன்றே பார்த்துவிடுங்கள்.