அமைதிப்படைக்கு மானுடவியல் எதற்கு?

கேள்வி: ஐ.நா. அமைதிப்படையின் ராணுவமும் உள்ளூர் மக்களும் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் மானுடவியலால் உண்மையில் பயன் உண்டா?

நிறைய உண்டு. ஆனால் 'இடது கையால் கொடுக்காதே, செருப்பைக் கழற்று' என்று ஒரு மணி நேரம் வகுப்பெடுப்பது மானுடவியல் ஆகாது. எது யாருடையது, யார் யாருக்காகப் பேசலாம் என்பதுதான் தெரிய வேண்டும். சோமாலியாவை எடுத்துக்கொள்வோம்.

அங்கே மேய்ச்சல் நிலத்தில் மழைநீர் தேங்கிய குட்டை பொது. உழைத்துத் தோண்டிய ஆழக் கிணறோ, தோண்டிய பங்காளிக் கூட்டத்தின் சொத்து. அப்படியானால் படை போடும் போர்வெல் யாருடையது? நிலத்தடி நீர் ஆய்வை மட்டும் நம்பி இடம் குறித்தால், பக்கத்துக் குலக் கிளை அதைத் தன்னுடையது என்று சொல்லும். வறட்சியில் அந்த வழியே ஒட்டகம் ஓட்டிவரும் கிளை துப்பாக்கியோடு வந்து நிற்கும்.

ஆகவே ரிக் வண்டி கிளம்பும் முன்பே, மழைக்காலத்தில் ஒரு வழி, வறட்சியில் ஒரு வழி என்று மந்தைகள் போகும் தடத்தை வரைந்துகொள்ள வேண்டும். தண்ணீர் எடுக்கும் பெண்களையும் மேய்க்கும் பையன்களையும் தனித்தனியே கேட்க வேண்டும். பெரியவர்கள் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். எந்த மந்தை முதலில் குடிக்கும், பம்பு சாவி யாரிடம், டீசலுக்கு யார் பணம் என்பதை எல்லாக் கிளைகளையும் உட்கார வைத்துப் பேசி முடித்துவிட வேண்டும். மொழிபெயர்ப்பாளர் எந்தக் கிளை என்பதையும் பார்க்கவேண்டும். ஒரே கிளைக்காரர் என்றால் ஒரு பக்கத்துப் பேச்சுதான் அதிகாரியின் காதுக்கு வரும். இதற்கெல்லாம் வாரக்கணக்கில் ஆகும். படைப்பிரிவோ ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ மாறிவிடும். அதற்குள் ரிப்பன் வெட்ட வேண்டும் என்ற அவசரம்தான் பாதித் தவறுகளுக்குக் காரணம்.

படை வண்டி மோதி ஒருவர் இறந்தால்? சோமாலி மரபுவழிச் சட்டத்தில் உயிர் ஈடு ஆணுக்கு 100 ஒட்டகம், பெண்ணுக்கு 50 என்பது மரபுக் கணக்கு. இன்று பேசிக் குறைத்துப் பணமாகவும் கொடுப்பார்கள். கொடுப்பதும் வாங்குவதும் தனி ஆள் அல்ல, பங்காளிக் கூட்டம். விதவையின் கையில் கவரைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினால் கோப்பு மூடும், பகை மூடாது. தாமதிக்காமல் போய்த் துக்கம் விசாரித்து, பெரியவர்கள் முன்னிலையில் தீர்க்க வேண்டும். விதவைக்கும் பிள்ளைகளுக்கும் அதில் எவ்வளவு போகிறது என்று தனியாக விசாரிப்பதும் அவசியம்.

1993 ஜூன் 5 அன்று மொகதிஷுவில் 24 பாகிஸ்தான் அமைதிப்படை வீரர்கள் கொல்லப்பட்டார்கள். ஜூலை 12 அன்று அமெரிக்க ஹெலிகாப்டர்கள் ஒரு வீட்டின் மீது ஏவுகணை வீசின. உள்ளே ஹபர் கிதிர் குலத்துப் பெரியவர்கள் கூடியிருந்தார்கள். பாகிஸ்தான் வீரர்களின் கொலைக்காகத் தேடப்பட்ட, அதே குலத்துப் போர்த் தலைவர் அய்தீத் அங்கே இல்லை. வெகுண்ட கூட்டம் அன்றே நான்கு பத்திரிகையாளர்களைக் கொன்றது. ஓர் ஆளோடு இருந்த பகை குலம் முழுவதோடும் என்றாகிவிட்டது. சமாதானம் பேச வேண்டியவர்களே செத்துக் கிடந்தார்கள். அதே ஆண்டில்தான் வடமேற்கே போராமாவில் குலப் பெரியவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசி தன்னைத் தனி நாடாக அறிவித்துக்கொண்ட சோமாலிலாந்தின் அரசமைப்புக்கு வழி கண்டார்கள்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. கிணற்றுக்காகச் சேகரித்த குல வரைபடம் உளவுப் பிரிவுக்குப் போனால் அது தாக்குதல் பட்டியலாகிவிடும். ராணுவத்தோடு மானுடவியலாளர்களை அனுப்பிய அமெரிக்கத் திட்டத்தை 2007-இல் அமெரிக்க மானுடவியல் சங்கத்தின் நிர்வாகக் குழு ஏற்க மறுத்ததற்கு இந்த அச்சமும் ஒரு காரணம். படைக்கும் மக்களுக்கும் இடையே வேலை செய்யும் ஒருங்கிணைப்பு அதிகாரியின் நோட்டில் கிளை, கிணறு, தடம் இருந்தால் போதும். சொன்னவர் பெயர் இருக்கக் கூடாது.