அந்தத் தாளை முதலில் படியுங்கள் – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவின் ஜே-1 விசா பற்றியவை. சென்னைக் கல்லூரி ஒன்றில் பரிமாற்ற மாணவர்களை அனுப்பும் பிரிவில் நெடுநாள் வேலை பார்த்தவன் என்பதால், இந்தக் கேள்விகளுக்கு இடம் கொடுத்தே எழுதுகிறேன்.

என் மகள் பொறியியல் மூன்றாம் ஆண்டு. அவள் கல்லூரிக்கும் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கும் உள்ள ஒப்பந்தத்தில் ஒரு செமஸ்டர் அங்கே படிக்கத் தேர்வாகியிருக்கிறாள். ஜே-1 விசா எடுக்கச் சொல்கிறார்கள். படிக்கப் போகிறவர்களுக்கு எஃப்-1 தானே என்று சொந்தக்காரர்கள் குழப்புகிறார்கள். ஏஜென்ட் பிடித்தால் நல்லதா?
– ஒரு தந்தை, பெரம்பூர்

மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். சொந்தக்காரர்கள் சொல்வதிலும் தப்பில்லை. சொந்தச் செலவில் பட்டம் படிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் எஃப்-1 விசாவில்தான் போகிறார்கள். ஜே-1 என்பது பரிமாற்றத் திட்டத்தில் போகிறவர்களுக்கானது. வெறும் குடும்பப் பணத்தை நம்பி ஜே-1 மாணவராகப் போக முடியாது. ஆனால் இரண்டு கல்வி நிறுவனங்களுக்கு நடுவே எழுத்து ஒப்பந்தம் இருந்தால் போகலாம். உங்கள் மகள் அந்த வழியில்தான் போகிறாள். அங்கே தங்கவும் சாப்பிடவும் ஆகிற செலவுக்கு நீங்கள் வங்கிக் கணக்கைக் காட்டுவதற்குத் தடையில்லை.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் டிஎஸ்-2019 என்ற தாள், அதாவது பரிமாற்றத் திட்டத்தில் சேர்த்துக்கொண்டதற்கான சான்று. அமெரிக்க வெளியுறவுத் துறையின் அங்கீகாரம் பெற்ற ஸ்பான்சர், அதாவது பரிமாற்றத் திட்டத்தை நடத்தும் நிறுவனம்தான் அதைத் தர முடியும். பல்கலைக்கழகப் பரிமாற்றங்களில் பொதுவாக அந்தப் பல்கலைக்கழகமே ஸ்பான்சர். தாள் கைக்கு வந்ததும் பத்திரமாக எடுத்து வைத்துவிடுகிறார்கள், படிப்பதில்லை. எனக்கு ஆற்றாமை இதில்தான். மகளை உட்கார வைத்துக் கட்டம் கட்டமாகப் படிக்கச் சொல்லுங்கள். முதல் கட்டத்தில் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர். இரண்டாவதில் ஸ்பான்சரும் திட்ட எண்ணும். மூன்றாவதில் திட்டம் தொடங்கும் தேதி, முடியும் தேதி. நான்காவதில் மாணவர், ஆராய்ச்சி அறிஞர் என்று எந்தப் பிரிவில் போகிறாள் என்பது. ஐந்தாவதில் பணம் யாருடையது, எவ்வளவு என்பது. நேர்காணலில் அதிகாரி கேட்கப்போவதில் முக்கால்வாசி இந்த ஐந்து கட்டத்துக்குள் இருக்கிறது. ஓர் எழுத்து பிழை என்றாலும் உடனே பல்கலைக்கழகத்துக்கு எழுதித் திருத்திய தாளை வாங்குங்கள்.

அப்புறம் செவிஸ் கட்டணம். வெளிநாட்டு மாணவர்களையும் பரிமாற்றத்தில் வருகிறவர்களையும் அமெரிக்க அரசு பதிந்து வைக்கும் கணினிப் பதிவேடுதான் செவிஸ். ஜே-1 மாணவருக்கு 220 டாலர். எஃப்-1-க்கு 350 டாலர் என்பதால் யாராவது வேறு தொகை சொன்னால் குழம்பாதீர்கள். அதை நேர்காணலுக்கு முன்பே கட்டி, ரசீதை அச்செடுத்து வையுங்கள். அடுத்தது டிஎஸ்-160 என்ற இணைய விண்ணப்பம். விசா கட்டணம் 185 டாலர் தனி. அதை ரூபாயில் கட்டலாம். கட்டிய பிறகு இரண்டு தேதி எடுக்க வேண்டும். ஒன்று கைரேகை, புகைப்படத்துக்காக விசா விண்ணப்ப மையத்தில். இன்னொன்று அண்ணா சாலைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல்.

ஏஜென்ட் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. மேலே சொன்ன எதற்கும் அவர் தேவையில்லை. அவர்களில் சிலர் விண்ணப்பத்தில் தங்கள் மின்னஞ்சலையும், பாதுகாப்புக் கேள்விக்குத் தாங்களே ஒரு பதிலையும் போட்டுவிடுகிறார்கள். பிறகு பிள்ளையால் தன் விண்ணப்பத்தையே திறக்க முடிவதில்லை. கையெழுத்துக்குச் சமமான பொத்தானை விண்ணப்பதாரர்தான் அழுத்த வேண்டும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் அவளே பொறுப்பு. மகளே நிரப்பட்டும். பக்கத்துக்குப் பக்கம் சேமிக்கச் சொல்லுங்கள். சற்று நேரம் சும்மா விட்டால் பக்கம் மூடிக்கொள்ளும்.

கடந்த ஐந்து ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக வலைத்தளக் கணக்குகளையும் அதில் கேட்பார்கள். எஃப், எம் (தொழிற்கல்வி), ஜே விசா கேட்பவர்கள் அந்தக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்று 2025 ஜூனில் அறிவித்தார்கள். ஒரு கணக்கைக்கூட மறைக்க வேண்டாம்.

என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கிறது. என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து ஒரே கட்டத்தில் இருக்கின்றன. இதனால் விசா கிடைக்காமல் போகுமா?
– ஒரு மாணவர், வியாசர்பாடி

போகாது. இனிஷியல் போட்டு வளர்ந்த நம் பிள்ளைகள் பலருக்கும் இருக்கிற சிக்கல்தான் இது. குடும்பப் பெயர் காலியாக இருந்தால், டிஎஸ்-160-இல் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் முழுவதும் குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போகும். இயற்பெயர் கட்டத்தில் எஃப்என்யு (FNU, இயற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற மூன்று எழுத்து வரும். விசாவிலும் அப்படித்தான் அச்சாகும். செல்லாத விசா இல்லை அது. ஆனால் அங்கே போன பிறகு வங்கியிலும் ஓட்டுநர் உரிமத்திலும் அந்த மூன்று எழுத்தே உங்கள் பெயராக வந்து நிற்கக்கூடும். ஒவ்வோர் இடத்திலும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

அவகாசம் இருந்தால் இப்போதே பாஸ்போர்ட்டில் பெயரை இரண்டாகப் பிரித்து மறுவெளியீட்டுக்கு விண்ணப்பியுங்கள். சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் மூன்றிலும் சேவை மையம் இருக்கிறது. ஆனால் டிஎஸ்-2019 வாங்குவதற்கு முன்பே இதை முடிக்க வேண்டும். தாள் வந்த பிறகு பாஸ்போர்ட்டை மாற்றினால் டிஎஸ்-2019, செவிஸ் ரசீது, டிஎஸ்-160 மூன்றிலும் ஒரே பெயர் இருக்கிறதா என்று மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டியிருக்கும். பெயரைத் தாய்மொழி எழுத்திலும் கேட்கும் ஒரு கட்டம் டிஎஸ்-160-இல் உண்டு. ஆங்கிலத்தில் நிரப்புகிற அந்த விண்ணப்பத்தில் அங்கே மட்டும் தமிழில் தட்டச்சு செய்யலாம்.

கல்லூரியில் உதவிப் பேராசிரியை. ஆராய்ச்சி அறிஞராக நான்கு மாதம் வரச் சொல்லி அழைப்பு வந்திருக்கிறது. ஜே-1-இல் போனால் திரும்பி வந்து இரண்டு ஆண்டு இங்கேயே இருக்க வேண்டுமாமே? கணவரும் கூட வரலாமா?
– ஒரு வாசகி, மேடவாக்கம்

இந்த இரண்டு ஆண்டு விதி எல்லோருக்கும் கிடையாது. இந்திய அரசோ அமெரிக்க அரசோ செலவை ஏற்றால் பொருந்தும். ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகையில் போகிறவர்கள் இதில் வருவார்கள். அங்கே மருத்துவப் பயிற்சிக்குப் போகும் டாக்டர்களுக்கும் உண்டு. மூன்றாவது காரணம் நாடுவாரியான திறன் பட்டியல். எந்தத் துறை வல்லுநர்கள் எந்த நாட்டுக்குத் திரும்பியாக வேண்டும் என்று சொல்வது அது. நம்மவர்கள் பலரும் அதில்தான் மாட்டினார்கள். 2024 டிசம்பர் 9 அன்று திருத்தியபோது அந்தப் பட்டியலிலிருந்து இந்தியா நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே உங்கள் செலவில் அரசுப் பணம் கலந்திருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். விதி பொருந்தினாலும், அந்த இரண்டு ஆண்டுக்குள் ஹெச்-1பி போன்ற ஹெச் விசாக்கள், நிறுவன இடமாற்றத்துக்கான எல், அமெரிக்கரை மணக்கப் போகிறவர்களுக்கான கே, கிரீன் கார்டு ஆகியவற்றுக்குத்தான் முக்கியமாகத் தடை. மாநாட்டுக்கோ சுற்றிப் பார்க்கவோ போக இது குறுக்கே வராது.

நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறொன்றைப் பற்றி. ஆராய்ச்சி அறிஞர் என்ற பிரிவில் போய்த் திட்டத்தை முடித்துத் திரும்பினால், அடுத்த 24 மாதம் அதே பிரிவிலோ பேராசிரியர் பிரிவிலோ மறுபடி போக முடியாது. நான்கு மாதம்தான் இருந்தீர்கள் என்றாலும் இதே கதை. அடுத்த ஆண்டு நீண்ட காலத்துக்கு நல்ல அழைப்பு வந்தால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். குறுகிய கால அறிஞர் என்று தனிப் பிரிவு இருக்கிறது. அதிகபட்சம் ஆறு மாதம், நீட்டிக்க முடியாது. ஆனால் அதில் போய் வந்தால் இந்த 24 மாதத் தடை வராது. உங்களுக்கு அதுதான் சரி. டிஎஸ்-2019 தயாராகும் முன்பே, உங்களை அழைத்த துறைக்கு இன்றே எழுதுங்கள். அங்குள்ள பேராசிரியர்கள் பலருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்துக்குத் தெரியும்.

கணவர் ஜே-2-வில், அதாவது ஜே-1-இல் போகிறவரின் குடும்பத்தாருக்கான விசாவில் வரலாம். அவருக்குத் தனி டிஎஸ்-2019 வேண்டும், விசா கட்டணமும் தனி. செவிஸ் கட்டணம் கிடையாது. அங்கே போய் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கவும் அவருக்கு வழி உண்டு. ஆனால் நான்கு மாதத்துக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பேன்.

நேர்காணலுக்குப் பயிற்சி மையம் ஒன்றில் ஐம்பது கேள்விக்குப் பதில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பையன் ராப்பகலாக மனப்பாடம் செய்கிறான். போதுமா?
– ஒரு தாய், குரோம்பேட்டை

அம்மா, அந்தத் தாள்களை வாங்கி உள்ளே வைத்துவிடுங்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஒரே பதிலைப் பல வாயிலிருந்து கேட்டவர். எந்தப் பாடங்களை அங்கே எடுக்கிறாய், அவை இங்கே உன் படிப்பில் எப்படிச் சேரும், பணம் எங்கிருந்து வருகிறது, திரும்பி வந்து என்ன செய்வாய். இந்த நான்கையும் வீட்டில் நீங்களே சாப்பாட்டு நேரத்தில் கேளுங்கள். ஒரு நாள் ஒரு மாதிரியும் மறுநாள் வேறு மாதிரியும் சொல்லட்டும், பரவாயில்லை. அவன் வார்த்தையாக இருந்தால் போதும். திரும்பி வந்து கடைசி ஆண்டை முடித்துப் பட்டம் வாங்க வேண்டும் என்பது பரிமாற்ற மாணவனுக்கு இருக்கிற வலுவான உண்மை. கல்லூரி தந்த கடிதத்தில் அது ஒரு வரியாக இருக்கட்டும்.

மெட்ரோவில் போனால் ஆயிரம் விளக்கு, டிஎம்எஸ் நிலையங்களுக்கு நடுவே ஜெமினி மேம்பாலத்தை ஒட்டி இருக்கிறது துணைத் தூதரகம். செல்போன் உள்ளே அனுமதி இல்லை. கூட வருகிறவர் கையில் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

மருத்துவக் காப்பீட்டை இங்கேயே வாங்கிவிடலாமா? டிக்கெட் எப்போது எடுப்பது?
– ஒரு மாணவி, அண்ணா நகர்

காப்பீடு ஜே-1-க்குக் கட்டாயம். ஒவ்வொரு நோய்க்கும் விபத்துக்கும் குறைந்தது 1,00,000 டாலர், அவசரமாக நாடு திரும்ப 50,000 டாலர், இறந்தால் உடலைக் கொண்டுவர 25,000 டாலர். நீங்கள் கையிலிருந்து கட்டும் பங்கு ஒரு முறைக்கு 500 டாலருக்கு மேல் போகக் கூடாது. இங்கே விற்கிற பாலிசி மலிவாக இருக்கலாம். ஆனால் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் திட்டத்தில்தான் சேரச் சொல்கின்றன. இரண்டுக்கும் பணம் கட்ட நேரும். முதலில் அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். டிக்கெட்டை விசா கைக்கு வந்த பிறகு எடுங்கள். திட்டம் தொடங்கும் தேதிக்கு 30 நாளுக்கு முன்னால் உள்ளே விட மாட்டார்கள். முடிந்த பிறகு ஊர் சுற்ற 30 நாள் இருக்கலாம். ஆனால் அந்த நாட்களில் கனடா பார்க்கலாமே என்று எல்லை தாண்டினால் அதே விசாவில் திரும்பி நுழைய முடியாது.